மிதித்தால் நிற்குமா உங்கள் கார்?

சனிக்கிழமை மாலை நேரம். கிள்ளான் பக்கம் ஒரு கார்ப் பட்டறை என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்க் கறை படிந்த தரையில் பத்து வயதான மைவி ஒன்று நிற்கிறது. பக்கத்தில் ஓர் இளைஞர். முதல் வேலை, முதல் சம்பளம், முதல் கார். கையிலிருக்கும் கைப்பேசியில் சிவப்புச் சாயம் பூசிய பெரிய பிரேக் ஒன்றின் படம்.

"அண்ணே, இந்த மாதிரி பிரேக் மாட்டணும். எவ்வளவு ஆகும்?"

போர்மன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே திருப்பிக் கேட்கிறார்: "அது இருக்கட்டும் தம்பி. டயர் எப்ப மாத்தினீங்க? பிரேக் எண்ணெய் எப்ப மாத்தினீங்க?"

தம்பி விழிக்கிறார். கார் வாங்கி மூன்று வருஷமாகிறது. பிரேக் எண்ணெய் என்று ஒன்று இருப்பதே அவருக்கு அன்றுதான் தெரியும்!

சிரித்துவிடாதீர்கள், நேயர்களே! நம்மில் எத்தனை பேர் இந்தக் கேள்விகளுக்கு உடனே பதில் சொல்லிவிடுவோம்? எஞ்சின் எண்ணெயைத் தவறாமல் மாற்றுகிறோம். வெள்ளிக்கிழமை தோறும் காரைக் கழுவிச் சாமி படத்துக்குப் பூவும் வைக்கிறோம். ஆனால் குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு போகும் வண்டியை நிறுத்துகிற சாதனத்தை மட்டும், அது கீச்சிட்டுக் கத்தும் வரை திரும்பியே பார்ப்பதில்லை.

கார் நிறுவனம் பொருத்தித் தந்த பிரேக்கை எடுத்துவிட்டு, வெளி நிறுவனங்கள் விற்கும் பாகங்களைப் போட்டுப் பிரேக்கை "பலப்படுத்தும்" ஆசை இன்று நம் பிள்ளைகளிடம் வளர்ந்திருக்கிறது. ஆசையில் தவறில்லை. வேகமாக ஓட வேண்டும் என்று செலவழிப்பதைவிட நன்றாக நிற்க வேண்டும் என்று செலவழிப்பது எவ்வளவோ மேல். ஆனால் அந்தப் பணம் எங்கே போக வேண்டும், எந்த வரிசையில் போக வேண்டும் என்பதுதான் விஷயம். வரிசை தவறினால் பணமும் போகும். சில சமயம் இருந்த பிரேக்கும் போகும்!

காரை நிறுத்துவது எது?

உள்ளங்கைகள் இரண்டையும் சேர்த்து வேகமாகத் தேய்த்துப் பாருங்கள். சூடு ஏறுகிறதல்லவா? பிரேக் செய்யும் வேலையும் இவ்வளவுதான். காரின் ஓட்டத்தை அது வெப்பமாக மாற்றுகிறது. சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டுதான் டிஸ்க். அதை இருபுறமும் இடுக்கிபோல் கவ்வுவது காலிப்பர். காலிப்பருக்குள் உட்கார்ந்து தட்டை உரசுவது பேட். பழைய முறையான டிரம்மில் பாத்திரம் போன்ற ஒரு மூடியின் உட்புறத்தை லைனிங் ஒட்டிய இரண்டு பிறை வடிவத் துண்டுகள் விரிந்து உரசுகின்றன. மைவி போன்ற கார்களில் முன்னால் டிஸ்க்கும் பின்னால் டிரம்மும் இருக்கும்.

எவ்வளவு வெப்பம் தெரியுமா? ஒரு டன் எடையுள்ள கார் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதை ஒரே மிதியில் நிறுத்தினால் பிறக்கும் வெப்பம், ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். வேகத்தைப் பாதியாக, 55 ஆகக் குறைத்துக்கொண்டால் வெப்பம் பாதியாகக் குறையும் என்று நினைக்கிறீர்களா? இல்லை. கால் பங்காகக் குறைந்துவிடுகிறது! வேகம் இரட்டித்தால் பிரேக்கின் சுமை நான்கு மடங்காகிறது என்ற இந்த ஒரு கணக்கை வீட்டில் கார் ஓட்டும் எல்லோருக்கும் சொல்லி வைக்கலாம்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். பிரேக் நிறுத்துவது சக்கரத்தை. காரை நிறுத்துவது டயர். உங்கள் கார் சாலையைத் தொடுவது நான்கே இடங்களில். ஒவ்வோர் இடமும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அகலம்தான். பிரேக்கை முழுப் பலத்தோடு மிதிக்கும்போது சக்கரங்கள் பூட்டிக்கொண்டு டயர் வழுக்கினாலோ, ஏ.பி.எஸ். உள்ள காரில் மிதிகட்டை காலுக்கடியில் படபடவென்று துடித்தாலோ, அதற்கு அர்த்தம் என்ன? பிரேக்கின் பலம் டயரின் பிடிப்பை ஏற்கெனவே மிஞ்சிவிட்டது என்பதுதான். அந்த நிலையில் அதைவிடப் பெரிய பிரேக்கை மாட்டினாலும் கார் ஓரடி தூரம்கூட முன்னதாக நிற்கப் போவதில்லை.

நல்ல டயரோடு, காய்ந்த சாலையில், 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் பிரேக் பிடித்த பிறகு நிற்க ஏறக்குறைய 40 மீட்டர் எடுக்கும். அதற்கு முன், ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்கு வருவதற்குள் ஒரு விநாடி ஓடியிருக்கும். அந்த ஒரு விநாடியில் 25 மீட்டர் கடந்திருப்பீர்கள். ஆக மொத்தம் 65 மீட்டர். மழை பெய்து சாலை நனைந்திருந்தால் 90 மீட்டரைத் தொடும். காலை நேரத்தில் கூட்டரசு நெடுஞ்சாலையில் முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் எத்தனை மீட்டர் விடுகிறோம் என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். எந்த நாட்டுப் பிரேக்கும் அந்த இடைவெளியை நமக்கு வாங்கித் தராது.

பெரிய பிரேக் எதற்கு?

"அப்படியானால் பந்தயக் கார்களில் பெரிய பிரேக் மாட்டுவது எதற்கு?" என்று தம்பி கேட்பார். நியாயமான கேள்விதான்.

பிரான்ஸ் நாட்டில் லெ மான் என்ற ஊரில் 24 மணி நேரம் ஓடும் கார்ப் பந்தயம் நடக்கிறது. 1953-ஆம் ஆண்டு அந்தப் பந்தயத்தை வென்றது ஜாகுவார் கார். அதில் டன்லப் நிறுவனத்தின் டிஸ்க் பிரேக் பொருத்தியிருந்தார்கள். டிரம் பிரேக் வைத்திருந்த கார்கள் மணிக்கணக்காக மிதித்து மிதித்துச் சூடேறிப் பிடிப்பு இழந்தன. காற்றுப் படும்படி வெளியில் சுழலும் டிஸ்க்கோ, அதே சூட்டை உடனுக்குடன் வெளியேற்றியது. அடுத்த சில ஆண்டுகளில் டிஸ்க் சாதாரணக் கார்களுக்கும் வந்தது.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. பெரிய பிரேக்கின் பெருமை, ஒரு தடவை மிதித்தால் சீக்கிரம் நிற்பதில் இல்லை. நூறு தடவை மிதித்தாலும் முதல் தடவைபோலவே பிடிப்பதில் இருக்கிறது. சூட்டைத் தாங்குவதுதான் அதன் வேலை. பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில், முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்ட முடியாத நெரிசலில் ஊர்ந்து போகும் காருக்கு அந்தச் சூடு எங்கிருந்து வரும்?

ஆனால் நம் பக்கத்திலேயே ஓர் இடம் இருக்கிறது. அங்கே சாதாரணக் காரின் பிரேக்கும் பந்தயக் காரின் சோதனையைச் சந்திக்கிறது.

கெந்திங் இறக்கம்

பள்ளி விடுமுறையில் கெந்திங் மலைக்குப் போகாத குடும்பம் கிள்ளான் பள்ளத்தாக்கில் குறைவு. உச்சி, கடல் மட்டத்துக்கு மேல் 1,700 மீட்டருக்கும் அதிகம். ஏறும்போது எஞ்சின் முனகுவது நமக்குக் கேட்கிறது. இறங்கும்போது பிரேக் படும் பாடு கேட்பதில்லை, வாடையாகத்தான் வரும். அந்தக் கருகல் வாடையை நுகராமல் அந்த மலையிலிருந்து இறங்கியவர்கள் குறைவு.

கணக்குப் போட்டுப் பார்த்தால் வாடைக்குக் காரணம் தெரியும். 1,000 மீட்டர் உயரம் இறங்குவது, 110 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 21 தடவை அடியோடு நிறுத்துவதற்குச் சமம். காற்றின் தடை கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மீதியை எஞ்சின் சுமக்க வேண்டும். அல்லது பிரேக் சுமக்க வேண்டும். எஞ்சினுக்கு அந்த வேலையைக் கொடுக்காமல் 'டி'-யிலேயே இறங்கினால், பெரும் சுமை பிரேக்கின் தலையில்தான் விழும்.

சூடு எல்லை மீறினால் இரண்டு விபரீதங்கள் நேரும். பேட் பிடிப்பு இழக்கும். மிதிகட்டை கல்போல் கடினமாக இருக்கும். கார் மட்டும் நிற்காது. மற்றொன்று, பிரேக் எண்ணெய் கொதித்து ஆவிக் குமிழ்கள் உண்டாகும். அப்போது மிதிகட்டை பஞ்சுபோல் தரை வரை போய்விடும்.

2013-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 21-ஆம் தேதி இந்த மலைச் சாலையில் ஒரு பேருந்து பள்ளத்தில் விழுந்து 37 பேர் உயிரிழந்ததை நாம் மறந்துவிட முடியாது. மலை இறக்கம் விளையாட்டு அல்ல என்பதற்கு அதைவிட வேறு நினைவூட்டல் தேவையில்லை.

ஆகவே, இறங்கத் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். தானியங்கி கியர் காரில் '2', 'எல்' போன்ற நிலைகள் இதற்காகவே இருக்கின்றன. எஞ்சின் உறுமும், பயப்படாதீர்கள், அதற்கு ஒன்றும் ஆகாது. பிரேக்கின் மேல் காலை லேசாக வைத்துத் தேய்த்துக்கொண்டே வராமல், உறுதியாக மிதித்து வேகத்தைக் குறைத்து, பிறகு காலை எடுத்துவிடுங்கள். அந்த இடைவேளையில் தட்டு கொஞ்சம் ஆறும். பெட்ரோல் மிச்சம் என்று நினைத்து 'ஃப்ரீ கியரில்' உருட்டிவிடுவது சிலருடைய பழக்கம். அதைப்போல் ஆபத்தான சிக்கனம் வேறில்லை! எஞ்சினை அணைத்துவிட்டாலோ இன்னும் மோசம். பிரேக்கை மிதிக்கக் காலுக்கு உதவும் பூஸ்டர், சில மிதிகளிலேயே பலம் இழந்துவிடும்.

வாடை வந்தால் பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள். சூடான தட்டின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். தட்டு கோணிக்கொள்ளும், வெடிக்கவும் கூடும். இத்தனைக்கும் ஒரு வெள்ளி செலவில்லை என்பதைக் கவனித்தீர்களா?

செலவழிக்க வேண்டிய வரிசை

சரி, தம்பியின் கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. எதில் தொடங்கலாம்?

முதலில் டயர். சட்டப்படி டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஆனால் நம் ஊர் மழைக்கு அந்த எல்லை வரை காத்திருப்பது புத்திசாலித்தனம் அல்ல. தண்ணீரை வெளியே தள்ளும் பள்ளம் ஆழமில்லாவிட்டால் டயர் நீரின் மேல் மிதக்கத் தொடங்கிவிடும். மலிவாகக் கிடைக்கிறதென்று யாரோ கழற்றிப் போட்ட பழைய டயரை வாங்கி மாட்டிக்கொண்டு பெரிய பிரேக் வைப்பது, கிழிந்த செருப்போடு ஓட்டப் பந்தயத்துக்குப் போவது போலத்தான்.

அடுத்தது பிரேக் எண்ணெய். எண்ணெய் என்று நாம் சொல்கிறோமே தவிர, சாதாரணமாகப் பயன்படுவது எண்ணெய் வகையே அல்ல. அதற்குக் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. நம் நாட்டுக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? 'டாட் 3' வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய பின் அந்த எல்லை 140 ஆக இறங்கிவிடும். 'டாட் 4' என்றால் புதிதில் 230, ஈரத்தில் 155. 'டாட் 5.1' என்றால் 260, 180. கெந்திங் இறக்கத்தில் மிதிகட்டை பஞ்சாகிப் போவதற்கும் காலில் நிற்பதற்கும் இந்த எண்கள்தான் வித்தியாசம். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை முழுவதும் மாற்றிக் காற்றை வெளியேற்றச் சொல்லுங்கள். பெயர் ஒன்றுபோல் இருக்கிறதென்று 'டாட் 5'-ஐ ஊற்றிவிடாதீர்கள். அது சிலிக்கோன் வகை, மற்றவற்றோடு சேராது. உங்கள் காருக்கு எது பொருந்தும் என்பது எண்ணெய்க் கிண்ணத்தின் மூடியிலேயே எழுதியிருக்கும்.

மூன்றாவது, ஏற்கெனவே இருப்பதைச் சரி செய்வது. ரப்பர்க் குழாய்கள் வெடித்திருக்கின்றனவா? காலிப்பர் இறுகிக் கொண்டிருக்கிறதா? பிரேக் பிடிக்கும்போது கார் ஒரு பக்கமாக இழுத்தால் அதையும் சந்தேகிக்க வேண்டும். டிஸ்க்கின் விளிம்பில் அதன் குறைந்தபட்சக் கனம் பொறித்திருக்கும். அதற்குக் கீழே தேய்ந்திருந்தால் கடைசலுக்குக் கொடுக்காமல் மாற்றிவிடுங்கள். செம்மண் பாதையில் ஓடும் தோட்டத்துக் கார்களில் பின் டிரம்முக்குள் மண்ணும் தூளும் சேர்ந்திருக்கும். அதைத் திறந்து சுத்தம் செய்ததுண்டா? சுத்தம் செய்யும்போது காற்றுக் குழாயால் ஊதவிடாதீர்கள். பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கலாம். அந்தத் தூள் நுரையீரலுக்குப் பகை. ஈரத் துணியால் துடைப்பதே நல்லது.

2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம் ஸ்ரீ மூடா, கிள்ளான் வட்டாரங்களில் எத்தனையோ கார்கள் மூழ்கின. வெள்ளத்தில் நின்ற கார் உங்களிடம் இருந்தாலோ, பழைய கார் வாங்கும்போது அந்தச் சந்தேகம் வந்தாலோ, பிரேக் முழுவதையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் தேங்கிய சாலையைக் கடந்த பிறகு, மெதுவாகப் போய்க்கொண்டே பிரேக்கை லேசாக நாலைந்து முறை மிதித்து ஈரத்தைப் போக்குவதும் நல்ல பழக்கம்.

இந்த மூன்றையும் முடித்தாலே பல கார்கள் புதுப் பிறவி எடுத்துவிடும். "பிரேக் சரியில்லை" என்று வந்தவர்கள் "பிரேக் மாற்ற வேண்டாம் போலிருக்கிறதே!" என்று திரும்புவார்கள்.

பேட் வாங்கும்போது

அதற்கு மேலும் மெருகு வேண்டுமானால் நல்ல பேட் வாங்கலாம். வெளி நிறுவனங்களின் பேட் என்றாலே மட்டம் என்று நினைக்க வேண்டாம். நம் சென்னையைச் சுற்றியே பிரேக் தொழில் பெரிதாக வளர்ந்திருக்கிறது. 1911-இல் மதுரையில் தொடங்கிய டி.வி.எஸ். குடும்பத்திலிருந்து, இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 1962-இல் பிரேக்ஸ் இந்தியா பிறந்தது. 1974-இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் தோன்றியது. இரண்டும் சென்னை பாடியில் வேர்விட்டவை. அம்பத்தூரில் 1964-லிருந்து ரானே நிறுவனம் லைனிங் தயாரித்து வருகிறது. நல்ல சரக்கு எங்கும் இருக்கிறது. போலியும் எங்கும் இருக்கிறது.

வேறுபாட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? ஐக்கிய நாடுகள் சபையின் வாகன விதிகளில் 90-ஆவது விதி, மாற்று பேட்களுக்கென்றே உள்ளது. அதே அழுத்தத்துக்கு, காரோடு வந்த பேட் எவ்வளவு பிடிக்குமோ அதற்கு 15 சதவிகிதத்துக்குள் மாற்று பேட்டும் பிடிக்க வேண்டும் என்பது அதன் சாரம். குறைவாகப் பிடித்தாலும் குற்றம்; அளவுக்கு மீறிப் பிடித்தாலும் குற்றம்! தேர்ந்த பேட்டின் முதுகில் வட்டத்துக்குள் 'இ' என்ற ஆங்கில எழுத்தும் நாட்டின் எண்ணும், பக்கத்தில் '90ஆர்' என்று தொடங்கும் எண்ணும் இருக்கும். மலேசியாவின் எண் 52. நம் நாடு அந்த ஒப்பந்தத்தில் 2006-இல் சேர்ந்தது.

சில பேட்களில் 'எஃப் எஃப்', 'ஜி ஜி' என்று இரண்டு ஆங்கில எழுத்துகள் பார்த்திருப்பீர்கள். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உள்ள பிடிப்பையும், இரண்டாவது எழுத்து கடும் சூட்டில் உள்ள பிடிப்பையும் காட்டுகின்றன. 'இ'-யைவிட 'எஃப்'பும், 'எஃப்'பைவிட 'ஜி'யும் அதிகப் பிடிப்பு. இரண்டாவது எழுத்து முதலாவதைவிடக் கீழே இருந்தால், சூடேறியதும் அந்தப் பேட் தளரும் என்று அர்த்தம்.

பந்தயப் பேட் வாங்கிச் சாலையில் ஓட்டும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அந்தப் பேட் நன்றாகப் பிடிப்பதற்கே முதலில் நன்றாகச் சூடேற வேண்டும். காலையில் வீட்டு வாசலிலிருந்து புறப்பட்டு முதல் சந்தியில் ஒரு பள்ளிப் பிள்ளை குறுக்கே ஓடினால், குளிர்ந்த பந்தயப் பேட் சாதாரணப் பேட்டைவிட மோசமாகத்தான் பிடிக்கும்.

முத்திரையைக்கூடப் போலியாக அச்சடிக்க ஆள் இருக்கும் காலம் இது. ஆகவே தெரிந்த கடையில் வாங்குங்கள், ரசீது கேளுங்கள். ஏமாற்றப்பட்டால் 50,000 வெள்ளி வரையிலான வழக்குகளை விசாரிக்கும் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளிதான், வழக்கறிஞரும் தேவையில்லை. ரசீது இல்லாவிட்டால் மட்டும் அங்கே கையைப் பிசைய வேண்டியிருக்கும்.

கடைசியில்தான் காலிப்பர்

இவ்வளவுக்குப் பிறகும் பெரிய டிஸ்க், பெரிய காலிப்பர் தேவைப்படுகிறவர்கள் உண்டு. எஞ்சினை மாற்றிப் பலம் கூட்டியவர்கள், சிப்பாங் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்ப்பவர்கள், ஓயாமல் பாரம் ஏற்றி மலையேறுபவர்கள். அவர்களுக்கு அது வீண் செலவு அல்ல.

கிள்ளான், காப்பார் பக்கங்களில் 'ஹாஃப் கட்' கடைகள் இருப்பது உங்களுக்குத் தெரியும். ஜப்பானில் ஓடிய கார்களைப் பாதியாக வெட்டிக் கொண்டுவந்து, பாகம் பாகமாக விற்கிறார்கள். பழைய புரோட்டோன் கார்களுக்கு மிட்சுபிஷி பாகங்கள் பொருந்துவதும், வீராவின் பின் டிரம்மை எடுத்துவிட்டு சத்ரியா ஜி.டி.ஐ.-யின் டிஸ்க்கை வைப்பதும் நம் பட்டறைகளில் பல காலமாக நடப்பவை. பொருந்துகிறது என்பதும் ஒத்துப்போகிறது என்பதும் ஒன்றா என்பதுதான் கேள்வி.

பிரேக் பிடிக்கும்போது காரின் எடை முன்னால் சாய்கிறது. பின் சக்கரங்கள் லேசாகின்றன. அதனால்தான் முன் பிரேக் அதிகமாகவும் பின் பிரேக் குறைவாகவும் பிடிக்கும்படி நிறுவனத்தார் பங்கு பிரித்து வைத்திருக்கிறார்கள். பின்னால் பெரிய பிரேக்கை வைத்து அந்தப் பங்கைக் கலைத்துவிட்டால், அவசரத்தில் மிதிக்கும்போது பின் சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொள்ளும். ஈரச் சாலையில் கார் பம்பரமாகச் சுற்றும். முன்னால் மட்டும் பெரிதாக வைத்தால் பின் பிரேக் சும்மா இருக்கும். நிற்கும் தூரம் கூடிவிடவும் வாய்ப்பு உண்டு.

பெரிய காலிப்பரை நகர்த்த அதிக எண்ணெய் வேண்டும். பழைய சின்ன மாஸ்டர் பம்பு அதைத் தள்ளுவதற்குள் மிதிகட்டை ஆழமாகப் போகும். பெரிய டிஸ்க்குக்கு இடம் தர ரிம்மையும் மாற்ற நேரும். கைப் பிரேக் கம்பி, குழாய், ஏ.பி.எஸ். எல்லாமே இதில் சம்பந்தப்படுகின்றன. ஆகவே ஒரே காருக்கென்று கணக்கிட்டுச் செய்த முழுத் தொகுதியாக வாங்கி, பிரேக் வேலையில் கைதேர்ந்தவரிடம் கொடுப்பதே உத்தமம். ஒரு கடையில் காலிப்பர், இன்னொரு கடையில் டிஸ்க், மூன்றாவது கடையில் தாங்கி வெல்டிங் என்று சேர்ப்பது, மூன்று பேருடைய மருந்துச் சீட்டைக் கலந்து ஒருவருக்குக் கொடுப்பதைப் போன்றது. வண்டியின் அமைப்பை மாற்றுமுன் சாலைப் போக்குவரத்து இலாகாவிடமும் காப்புறுதி நிறுவனத்திடமும் கேட்டுக்கொள்ளுங்கள். சொல்லாமல் செய்த மாற்றத்தால் விபத்து நேரத்தில் இழப்பீட்டுக்கு வம்பு வரக் கூடும்.

ஓட்டை போட்ட டிஸ்க் அழகாகத்தான் இருக்கும். ஆனால் மலிவான தட்டுகளில் அந்த ஓட்டைகளைச் சுற்றித்தான் வெடிப்பு தொடங்கும். நகர ஓட்டத்துக்குச் சாதாரணத் தட்டே போதும். இன்னொன்றும் விற்கிறார்கள்: காலிப்பருக்கு மேல் ஒட்டும் சிவப்புப் பிளாஸ்டிக் உறை. 1961-இல் தொடங்கிய இத்தாலிய நிறுவனம் பிரெம்போவின் பெயரையும் அதில் துணிந்து அச்சடித்துவிடுகிறார்கள். அது பிரேக்கைப் பலப்படுத்துவதில்லை. காற்று படுவதைத் தடுத்துச் சூட்டை அடைத்து வைக்கும்; கழன்றால் சக்கரத்தில் சிக்கிக்கொள்ளும்.

புதுப் பேட், புது டிஸ்க் போட்டதும் அன்றைக்கே கெந்திங்குக்குக் கிளம்பாதீர்கள். விடியற்காலை ஆளில்லாத சாலையில், 60-லிருந்து 20 வரை வேகம் குறைவதுபோல் எட்டுப் பத்து தடவை நிதானமாக மிதியுங்கள். முழுதாக நிறுத்த வேண்டாம். பிறகு பிரேக் பிடிக்காமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆறவிடுங்கள். இரண்டும் ஒன்றோடொன்று பழகிக்கொள்ளும்.

யார் சோதிப்பது?

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளில் வளர்ந்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். ரயில் பெட்டிகளின் பிரேக் குழாய் அறுந்தால் ரயில் ஓடிப்போய்விடாது; பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். கோளாறு வந்தால் நிற்பதுபோலவே அதை அமைத்திருக்கிறார்கள். காரில் அப்படியில்லை. எண்ணெய் கசிந்தால் பிரேக் போய்விடும். அதற்காகத்தான் இரண்டு தனித்தனிப் பாதைகளாகக் குழாய் வைத்திருக்கிறார்கள். ஒன்று போனாலும் மற்றொன்று பாதிப் பலத்தைக் காப்பாற்றும். அதுவும் நாம் கவனிக்கும் வரைதான்.

லாரியும் பேருந்தும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை சோதனைக்குப் போக வேண்டும். நம் சொந்தக் காருக்கோ அப்படி ஆண்டுதோறும் சோதனை கிடையாது. பெயர் மாற்றும்போதும் வேறு சில தேவைகளுக்கும்தான். மற்ற நாள்களில் அதைச் சோதிக்கும் அதிகாரி நீங்கள்தான்.

மாதத்தில் ஒரு நாள், ஐந்து நிமிஷம் போதும். எண்ணெய்க் கிண்ணத்தில் அளவு இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்கியிருந்தால் பேட் தேய்ந்திருக்கும் அல்லது எங்கோ கசியும். வெறுமனே ஊற்றி நிரப்பிவிட்டுப் போகாதீர்கள். சக்கரத்தின் இடுக்கு வழியே பேட்டின் கனத்தைப் பாருங்கள். 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டியதுதான். எஞ்சினை ஓடவிட்டு மிதிகட்டையை அழுத்திப் பிடியுங்கள். அது மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் அன்றே பட்டறைக்கு ஓட்டாமல் போர்மனை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

நம் கிள்ளான் பட்டறைக்குத் திரும்புவோம். போர்மன் கணக்கைச் சொல்கிறார். நான்கு டயர், புது பிரேக் எண்ணெய், முத்திரையுள்ள பேட். சிவப்புக் காலிப்பர் தொகுதிக்கு ஆகும் பணத்தில் ஒரு பகுதிதான்.

"மீதிப் பணம் இருக்கே அண்ணே?"

"வச்சுக்கோங்க தம்பி. அடுத்த வருஷம் தைப்பூசத்துக்கு அம்மாவ பத்துமலைக்குக் கூட்டிட்டுப் போகணும்ல? பெட்ரோலுக்கு ஆகும்."

வெளியே நின்று பார்ப்பவர்களுக்கு அந்த மைவியில் எந்த மாற்றமும் தெரியப் போவதில்லை. பின் இருக்கையில் கண் அயர்ந்திருக்கும் அம்மாவுக்கும் தெரியாது. திடீரென்று முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கிட்டு, கார் நிற்க வேண்டிய இடத்தில் நின்று, அம்மா கண் விழித்து "என்னய்யா?" என்று கேட்கும்போது, "ஒண்ணுமில்லம்மா, தூங்குங்க" என்று சொல்ல முடிகிறதே, தம்பி செய்த செலவுக்கு அதுதான் பலன்.

நேயர்களே, இந்த வாரம் உங்கள் காரின் பிரேக் எண்ணெய்க் கிண்ணத்தை ஒரு முறை மூடியைத் திறக்காமல் கிண்ணத்தின் பக்கவாட்டு வழியாகவே எட்டிப் பாருங்கள். தேநீர் நிறத்துக்குக் கறுத்திருந்தால், அது உங்களுக்கு வந்த கடிதம். படித்துவிட்டுப் பட்டறைக்குப் போய் வாருங்கள்!